சுல்மாவின் இடது கால்

சுல்மாவுக்கு முன்வரிசை வேண்டும். அந்தக் கோடையில் வேறு எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை இல்லை. அந்த நாட்டில் கோடையான பிப்ரவரியில் நடக்கும் ஊர்வலத்தில் மொந்தேவிதேயோ நகரமே திரண்டு தெருவோரம் நிற்கும்போது, பலெர்மோ பேட்டைக் குழுவின் முன்வரிசையில் சீக்கோ மேளத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வரவேண்டும். அந்த இடத்தைக் குழுத்தலைவர் எபெர் தூக்கிச் சின்னப் பையன் நூபெலிடம் கொடுத்துவிட்டார். நூபெல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே மேளம் தூக்கியவள் சுல்மா. வயிறு எரியாதா? எரிந்தது.

சீக்கோ சின்ன மேளம்தான், ஆனால் பொல்லாதது. ஒரு வெற்றிடம், பிறகு மூன்று அடி, மறுபடி வெற்றிடம். தாளம் தொடங்கும் இடமான சமம் விழுவது அந்த வெற்றிடத்தில். வெளியூர்க்காரன் கேட்டால் முதல் அடியைத்தான் சமம் என்று நினைத்துக் காலை ஊன்றுவான். பாவம், அப்புறம் அவனுக்கு எல்லாமே இடறும். பேட்டைக்காரர்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. தொட்டிலில் கிடக்கும்போதே வெற்றிடத்தில் கால் உதைப்பவர்கள்.

சுல்மா செய்த காரியம் இதுதான். ஒத்திகை நாட்களில் தெருமுனைத் தீயில் மேளங்களின் தோலைச் சூடேற்றி இறுக்கிக்கொண்டு கிளம்பும்போது, நூபெலின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வாள். அவன் காதில் விழும்படி முதல் அடியில் 'தொம்' என்று இடது காலை மிதிப்பாள். வேண்டுமென்றே, வெளியூர்க்காரன் மாதிரி!

முதல் வாரமே பலித்தது. நூபெல் தடுமாறி, வரிசையே நெளிந்தது.

"என்னடா நூபெல், தூங்குறியா? ஒயின் கடையில இருந்து நேரா வந்தியா?" என்று எபெர் கத்தினார்.

"இல்லண்ணே, ஏதோ பிசகிப்போச்சு."

சுல்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் அடுத்த வாரங்களில் நூபெல் பிசகவில்லை. அவளும் விடவில்லை, மிதித்தாள், மிதித்தாள், குதிகால் வலிக்க மிதித்தாள். மேலுக்கு நேராக வாசித்தாலும் உள்ளே அவன் தலை கட்டாயம் கெட்டிருக்கும் என்று நம்பினாள். அதை எபெருக்கு எப்படிக் காட்டுவது?

வழி தானாகவே வந்தது. பல்கலைக்கழகத்தில் மிரெயா என்று ஒரு பெண், மூளைக்குள் ஓடும் அலைகளை ஆராய்கிறவள், தன் சோதனைக்கு மேளக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஊர்வலத்துல மானம் போறதுக்கு முன்னாடி அவனை ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போய்ப் பாத்துரலாம்" என்றாள் சுல்மா.

"உனக்கென்ன அவன் மேல திடீர் பாசம்?"

"குழு நல்லா இருக்கணும்ணே, அவ்வளவுதான்."

போனார்கள். மிரெயா நூபெலின் தலையில் வயர்கள் தொங்கும் தொப்பியை மாட்டினாள்.

"உங்க மண்டைக்குள்ள அலை அலையா ஒண்ணு ஓடுதுங்க. அது சத்தம் வந்தப்புறம் எந்திரிக்காது. சமம் எங்க விழும்னு முன்னாடியே கணிச்சு எந்திரிச்சு நிக்கும். அது எங்க நிக்குதோ, அப்படித்தான் உங்க காதுக்குக் கேக்கும்."

ஒற்றைச் சீக்கோவின் ஒலிப்பதிவு ஓடியது. திரையில் நூபெலின் அலை வெற்றிடத்தில், சத்தமே இல்லாத இடத்தில், கம்பீரமாக எழுந்து நின்றது. அச்சுப்பிசகாமல்!

"மெஷின் ரிப்பேரா?" என்றாள் சுல்மா.

"நீங்க உக்காருங்க, சரிபார்த்துடலாம்" என்றாள் மிரெயா.

தொப்பி மாறியது. சுல்மா கண்ணை மூடிக்கொண்டு, எபெர் அசந்துபோவதைக் கற்பனை செய்தபடி உட்கார்ந்திருந்தாள். பதிவு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். அவளுடைய அலை முதல் அடியின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நீங்க வெளியூரா?" என்று மிரெயா வெள்ளந்தியாகக் கேட்டாள்.

எபெர் திரையைப் பார்க்கவில்லை. அவர் கண் தரையில் இருந்தது. பதிவு நின்ற பிறகும் சுல்மாவின் இடது கால் தன்பாட்டுக்கு 'தொம், தொம்' என்று மிதித்துக்கொண்டிருந்தது.

"ஓஹோ! இதுதானா சங்கதி?" என்றார் எபெர். "ரெண்டாம் வரிசை. நூபெலுக்கு நேர் பின்னாடி. அவன் காலையே பாத்துக்கிட்டு நடக்கணும். தலை நிமிந்துச்சோ, இந்த வருஷம் கொடி தூக்கப் போயிருவ."

சுல்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். முன்வரிசை போனது கூடப் பரவாயில்லை. வாயால் 'த-த-த' என்று சொல்லிப் பார்த்தாள். சமம் முதல் அடியிலேயே விழுந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி அங்கேயே. பிறந்ததிலிருந்து தன்னோடு இருந்த அந்த வெற்றிடத்தைக் காணவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அழுதாள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நன்றாகவே அழுதாள்.

நூபெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டினான்.

"குடி அக்கா. திரும்பி வந்துரும். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். சரியா மிதிச்சு நடந்தா நடக்க நடக்க அலை பழைய இடத்துக்கே போயிருமாம்."

"உன் தலை மட்டும் எப்படிடா கெடல? நான் அவ்வளவு மிதிச்சேனே!"

"ரெண்டாவது வாரத்துல இருந்து நீ நிக்கிற பக்கக் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன்க்கா."

சுல்மாவுக்குக் குடித்த மாத்தே புரையேறியது.

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிக்கா சொல்றது? அவ்வளவு மும்முரமா மிதிச்சுக்கிட்டு இருந்த. நிறுத்தச் சொல்ல மனசே வரல."