ருசி பார்க்காத கூட்டு

காலையில் கொடுத்தனுப்பிய அரைச் சுரைக்காயைக் கையிலேயே திருப்பிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா, கொல்லை வாசலில் நின்று மூன்று முறை துப்பினாள்.

“ஜன்னத் லாத்தா, இது சுரைக்காயா, வேப்பங்காயா? ஒரு துண்டு வாயில போட்டேன், தொண்டை வரைக்கும் கசக்குது. நீங்க ருசி பாக்கலையா?”

ஜன்னத் பீவி ருசி பார்க்கவில்லை. பெருநாளைக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பில் அன்று நான்காவது. சுரைக்காயோ பீர்க்கங்காயோ, நறுக்கியதும் ஒரு சில்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். நோன்பு வைத்திருந்தாலும் நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று குர்ஆன் ஓதிக்கொடுக்கிற அம்மா சொல்லித்தான் இருந்தார். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள். அதுவும் சொந்தக் கொல்லைக் காயைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? குப்பைக் குழியோரம் தானாக முளைத்த கொடி அது. பிடுங்கிப் போட மனமில்லாமல் கழி நட்டு, கயிறு கட்டி, அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அதற்கே ஊற்றி வளர்த்தாள். அதன் முதல் காய். பாதியைக் கமருன்னிஸாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கூட்டாக்கி, அலையாத்திக் காடு பார்க்கப் போகிற மகனுக்கும் மருமகளுக்கும் டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தாள்.

அடுப்படிக்கு ஓடினாள். சட்டியோரம் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். முதலில் தேங்காய்ப்பாலின் இனிப்பு. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது கசப்பு. துப்பிவிட்டு நாலு தடவை கொப்பளித்தும் போகவில்லை.

“என் நாத்தனா சக்கரைக்கு நல்லதுன்னு இந்த மாதிரிக் காயத்தான் சாறு புழிஞ்சு குடிச்சா. ரத்தமா வாந்தி. மூணு நாள் ஐசியூல கெடந்தா லாத்தா. கசக்குற சுரைக்கா விஷம்னு டாக்டர் அந்தத் திட்டு திட்டுனாரு.” சொன்ன பிறகுதான் ஜன்னத்தின் முகத்தைக் கவனித்தாள் கமருன்னிஸா. “அட, அவங்க என்ன பச்சப் புள்ளைங்களா? கசந்தா துப்பிடுவாங்க.”

மகன் அஸார் துப்ப வேண்டிய அவசியமே இல்லை. கூடவே கட்டிய இறால் வறுவல் இருக்கும்போது அவன் காய் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கமாட்டான். மருமகள் ஷிஃபா திறப்பாள். ஷிஃபா துப்பமாட்டாள்.

நன்னிலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புதிதில், விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், மீன் குழம்பில் உப்புக் கொஞ்சம் குறைகிறது மாமி என்று அந்தப் பெண் சொன்னாள். உண்மையில் குறைவாகத்தான் இருந்தது. “நன்னிலத்துல மூட்ட மூட்டயா உப்புத் தின்னு வளந்தியோ?” என்று ஜன்னத் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். ஷிஃபாவும் சிரித்தாள். இந்த நாலு மாதத்தில் எதைத் தட்டில் வைத்தாலும் ஒரே பதில்தான்: “நல்லா இருக்கு மாமி.” மிச்சம் வைப்பதில்லை. மருமகளை நல்லவிதமாகப் பழக்கிவிட்டோம் என்று ஜன்னத்துக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அஸாருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஷிஃபாவுக்கும் அதே. மணி பதினொன்றே கால்.

“ஏறுங்க” என்று ஸ்கூட்டியைத் திருப்பினாள் கமருன்னிஸா. முத்துப்பேட்டைக் கடைத்தெருவைத் தாண்டும்வரை ஒலிப்பானிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. “லாத்தா, இடுப்ப இந்த நசுக்கு நசுக்குனீங்கன்னா நானும் சேந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்!” ஜன்னத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பிடி இன்னும் இறுகியது.

படகுத் துறையில் படகுக்காரன் துரைராசு மட்டும் வலையை உதறிக்கொண்டிருந்தான். “அஸாரா? போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சேம்மா. உள்ள டவர் எடுக்காது.”

“என்னைக் கொண்டு போ தம்பி. நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டுல விஷம் இருக்கு.”

“விஷமா? மருமகளுக்கா?” என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வலையை அப்படியே போட்டுவிட்டு இஞ்சின் கயிற்றை இழுத்தான்.

கமருன்னிஸா கரையில் நின்றுகொண்டாள். முப்பது வருடமாக இந்த ஊரில் வாழ்ந்தும் ஜன்னத் பீவி காயலுக்குள் வந்ததில்லை. காலையில் ஷிஃபா கூப்பிட்டாள்தான். நோன்போடு என்ன ஊர் சுற்றல் என்று சொல்லிவிட்டாள். இப்போது இரண்டு பக்கமும் மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நெருங்கி வந்தன. கொக்குகள் எழும்பின. எதையும் அவள் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கிற வளையல் கை ஒன்று மட்டும் கண்ணுக்குள் நின்றது. ஒரு வாய். முகம் சுளிக்காமல் இன்னொரு வாய்.

பலகைப் பாலத்தின் முடிவில் ஒரு குடில். அஸார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஷிஃபா படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உம்மா! நோன்போட நீங்க எங்க இங்க?”

ஜன்னத் பீவி அவனைத் தாண்டிப் போனாள். “கூட்டு சாப்பிட்டியா?”

ஷிஃபா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். “சாப்பிட்டேன் மாமி. நல்லா இருந்துச்சு.”

“முழுக்கவா?”

“முழுக்க மாமி. நல்லா இருந்துச்சு.”

“நீ பாத்தியா?” என்று மகனிடம் திரும்பினாள். அவன் விழித்தான். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டப்பா பளிச்சென்று இருந்தது. கலங்கல் தண்ணீரில் ஒரு பருப்புக்கூட மிதக்கவில்லை. தின்றாளா, கொட்டினாளா? இந்த முகத்தை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த முகத்தைச் செய்தவளே இந்த மாமியார்தானே.

ஜன்னத் பீவி படியில் உட்கார்ந்து ஷிஃபாவின் ஈரக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அது கசக்குற காய்ம்மா. ஒடம்புக்கு ஆகாது. ருசி பாக்காம ஆக்குனது நான், தப்பு என்னுது. நீ கொட்டியிருந்தா எனக்குச் சந்தோஷம். தின்னுருந்தா எவ்வளவுன்னு சொல்லு, டாக்டர் கேப்பாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேணாம். தண்ணியப் பாத்துச் சொல்லு.”

துரைராசு இஞ்சினை அணைத்தான். ஷிஃபா தண்ணீரைப் பார்த்தாள்.

“பாதி தின்னேன் மாமி. அதுக்கு மேல முடியல. மீதிய…” கை, தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

“பாதியா!” என்றாள் ஜன்னத். திட்டு விழப்போகிறது என்று அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தாள். “எந்திரிம்மா. அஸார், புடிச்சு ஏத்து.”

பாதி வழியில் ஷிஃபா படகின் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தாள். ஜன்னத் பீவி ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள், மறுகையால் இடுப்பை வளைத்துக்கொண்டாள். வந்ததில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்குள் படகு அந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

“வயித்த வலிக்குதா?”

ஷிஃபா இல்லையென்று தலையசைக்கப் போனாள். பிறகு அசைக்கவில்லை.

“வலிக்குது மாமி. வாயெல்லாம் கசக்குது. ரொம்பக் கசக்குது.”

“சொல்லு. இன்னும் சொல்லு.”

“வேகமா போகச் சொல்லுங்க மாமி.”

துறை கண்ணுக்குத் தெரிந்தது. கமருன்னிஸா எங்கிருந்தோ ஓர் ஆட்டோவைப் பிடித்துத் தண்ணீரின் விளிம்பு வரை இறக்கி நிறுத்தியிருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதவில்லாத பக்கம் அவர்களைப் பார்த்துத் திறந்து கிடந்தது.