கிண்ணத்துக்கு அடியில் மிட்டாய்

தலைமையாசிரியை அம்புஜவல்லி சீமைப் புத்தகம் ஒன்றின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தபோது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டி வந்திருந்த சீனித்தாய்க்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மகள் இசக்கியம்மாளின் படம். நாலு வயதுப் பிள்ளை சீமையில் அச்சேறிவிட்டாள். துறைமுகத்து வாசலில் புருஷன் வைத்திருக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டத் தோன்றியது. படத்துக்குக் கீழே இருந்த ஆங்கில வரியைப் படித்ததும் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது.

"மந்த புத்தியுள்ள குழந்தை. மூன்று முறையும் கை நீட்டவில்லை."

எழுதியவள் மிஸ் ஹார்டிங். சீமைப் பிள்ளைகளின் அறிவையும் இந்தக் கரைப் பிள்ளைகளின் அறிவையும் ஒப்பிட்டுப் பார்க்க, உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் தூத்துக்குடிக்கு வந்தவள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. ஆசிரியப் பயிற்சி முடித்த சீனித்தாய்தான் எட்டு மாதம் அவளுக்கு வாயாக இருந்தாள். கீழவைப்பாரிலிருந்து பெரியதாழை வரை வெயிலில் கூடவே அலைந்தாள். "சும்மா விளையாட்டுதாம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று தாய்மார்களைக் கெஞ்சி அழைத்து வந்தாள்.

சோதனை ரொம்பச் சின்னது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிண்ணத்துக்கு அடியில் கருப்பட்டி மிட்டாயை ஒளித்துவிட்டு, பக்கத்தில் வெறுங்கிண்ணம் ஒன்றையும் கவிழ்த்து, "எடுத்துக்கோ" என்பது. சீமைப் பிள்ளைகள் பாய்ந்து எடுத்துவிடுமாம். நம் பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்த்தன. அடுத்த வீட்டுப் பண்டத்தை யார் கொடுத்தாலும், தாய் தலையசைக்காமல் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்க்கிறோம். தாய்மார்களோ தலையசைக்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்கவும் கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை.

சீனித்தாய் இந்த வழக்கத்தை மிஸ்ஸிடம் ஒரு தடவையா சொன்னாள்? வாய் வலிக்கச் சொன்னாள். மிஸ்ஸும் "மிக முக்கியம்" என்று நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள். "இதை உன் பெயரிலேயே எழுதுவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பேச்சை நம்பித்தான் சீனித்தாய் தன் பிள்ளையையும் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

இப்போது புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். தலையசைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்னுரையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. குழந்தைகள் கேள்வியைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று உறுதி சொன்ன உதவியாளருக்கு நன்றியாம். பாவி. சீனித்தாய் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

"டீச்சரம்மா, இது பொய். எம்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். இங்கன உள்ள வழக்கத்த நாந்தான் மிஸ்ஸுகிட்ட எடுத்துச் சொன்னேன்."

"இருக்கலாம். ஆனா புஸ்தகத்துல அப்படி இல்லையே. நீங்களே கூட இருந்திருக்கேள், உங்க பேரையும் போட்டிருக்கா" என்றாள் அம்புஜவல்லி. "பாலர் வகுப்புல இடம் கொஞ்சம்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம்." விண்ணப்பத்தை மடித்து நீட்டினாள்.

சீனித்தாய் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். கூட்டி வந்த அத்தனை தாய்மார் முகத்திலும் இனி எப்படி விழிப்பாள்?

அதற்குள் இசக்கியம்மாள் எக்கி நின்று படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது நாந்தானம்மா?"

"ஆமா."

"மிட்டாயி இந்தக் கிண்ணத்துலதான் இருந்துச்சு." பிள்ளையின் விரல் சரியான கிண்ணத்தைத் தொட்டது. பிறகு படத்தில் இருந்த தன் கண்ணைத் தொட்டது. அந்தக் கண் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. ஓரமாக, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்தது.

"ஒன்னையத்தாம்மா பாத்துக்கிட்டே இருந்தேன். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."