வாஞ்சிநாதனின் வலது கை

"ரயீஸே, கரெண்ட் போயாச்சோ?"

ஓடாமல் நின்றுவிட்ட ட்ரெட்மில்லின் மேல் வேர்வை வழிய நின்றுகொண்டு கேட்டார் வாஞ்சிநாதன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து ட்ரெட்மில்லில் ஒரு பெண் குதிகால் தெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள். இவருடையது மட்டும், மூன்றாவது நாளாக, பாதியில் பெருமூச்சு விட்டு நின்றிருந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தன் வாப்பாவின் சீரக கோடவுனுக்கு மேல் மாடியில் ஜிம் வைத்திருப்பவன் ரயீஸ். கீழே வாப்பா மூட்டை தூக்க வைக்கிறார், மேலே மகன் இரும்பு தூக்க வைக்கிறான், இதில் மகனுக்குத்தான் லாபம் என்று தெருவில் பேச்சு. அவன் சாவகாசமாக வந்து பார்த்தான்.

"கரெண்ட் எல்லாம் இருக்கு சாமி. நீங்கதான் நிறுத்துனீங்க."

"நானா? நான் நடந்துண்டுன்னா இருந்தேன்!"

"நீங்க நடந்தீங்க. உங்க வலது கை நிறுத்துச்சு."

விஷயம் இதுதான். காதில் மாட்டியிருந்த கருவியில் ஓடிக்கொண்டிருந்தது கச்சேரி. கச்சேரி கேட்டால் வாஞ்சிநாதனின் வலது கை சும்மா இருக்காது. ஐம்பத்தெட்டு வயதில் நாற்பத்தைந்து வருடம் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்ட கை அது. நடக்கும்போது தொடை ஓரிடத்தில் நிற்காததால், முன்னால் இருந்த கம்பியில் போட்டது. அந்தக் கம்பியின் நட்டநடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிவப்புப் பொத்தான், ஆபத்துக்கு நிறுத்துவதற்காக. மிருதங்கக்காரர் சுற்றிச் சுற்றி வாசித்துவிட்டுக் கடைசியில் வந்து விழுந்த இடத்தில், பரவசத்தில் இவரும் ஓங்கிப் போட்டார் ஒரு போடு. மெஷின் படுத்துவிட்டது.

சிரிக்கலாம். வாஞ்சிநாதனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சுக்குத் தரகரான அவருக்கு ஏப்ரலில் நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. பதினேழு வருடம் விடாமல் சபரிமலை ஏறியவர் அவர். இது பதினெட்டாம் வருடம். பதினெட்டாம் மலைக்குப் போகிறவர் இருமுடியோடு ஒரு தென்னங்கன்றையும் எடுத்துப் போய்ச் சன்னிதானத்தில் நடுவது வழக்கம். அவருடைய கன்று போன வருடமே தொட்டியில் முளைத்து, வீட்டுக் கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. டாக்டரோ கன்றின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். நவம்பர் முதல் வாரத்தில் ட்ரெட்மில் பரிசோதனை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஒன்பது நிமிடம் வலியில்லாமல், படபடப்பில்லாமல் நடந்து காட்டினால் மலை. இல்லையென்றால் வீடு.

"அடுத்த வருஷம் போனாப் போறது" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"கன்னு காத்துண்டிருக்குமோ? அடுத்த வருஷம் அது என் ஒசரம் ஆயிடும். மரத்தைத் தோள்ல வெச்சுண்டு ஏறணும்."

பஜார் ரோட்டில் நடந்து பழகலாம் என்றால், பத்தடிக்கு ஒருவர் "சாமீ, ஒரு சாயா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேர நடையில் நாற்பது நிமிடம் பெஞ்சில் கழிந்தது. அதனால்தான் ஜிம்.

"பாட்டு இல்லாமலே நடந்தாப் போறாதா?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி. அதையும் செய்து பார்த்தார். பாட்டு இல்லாவிட்டால் அவருக்குத் தன் இதயம் கேட்டது. ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்தது வருமா என்று காத்திருக்கத் தொடங்கினார். பயம்தான், வேறென்ன? நான்காவது நிமிடத்தில் கையில் கட்டிய கடிகாரம் நூற்றைம்பது என்று அலற, ரயீஸ் ஓடிவந்து இறக்கிவிட்டான். ஆகவே பாட்டு வேண்டும், ஆனால் கை அசையக்கூடாது.

ரயீஸ் தன் ஜிம் பாட்டைப் போட்டான். தும் தும் என்று ஒரே அடி. அதற்குள்ளும் ஆதிதாளத்தைக் கண்டுபிடித்துவிட்டது கை. இரண்டு கையாலும் கம்பியை இறுகப் பிடிக்கச் சொன்னான். தாளம் காலுக்கு இறங்கியது. விளம்ப காலத்தில் மெதுவாகக் காலை எடுத்து வைத்ததில் பட்டை அவரைப் பின்னாலேயே கொண்டுபோய்க் கீழே இறக்கி விட்டது. அனந்தலக்ஷ்மி ஸ்தோத்திரம் போடச் சொன்னாள். கண் மூடிக்கொண்டது, இரண்டு கையும் கூப்பிக்கொண்டன. மலையாளச் செய்தி சேனலின் விவாதத்தில் தாளமே இல்லை என்று நம்பிப் போட்டால், ரத்தக்கொதிப்பு ஏறிற்று.

"சாமி, கையைக் கட்டிப் போடவா?" என்று கேட்டான் ரயீஸ். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தபோது, கிராம சமூகத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஒலிப்பதிவு போட்டார்கள். போன வருடத் திருப்பூணித்துறை உற்சவத்தின் பஞ்சாரி மேளம். வாஞ்சிநாதன் வேறெதையோ தொடப் போய் அது ஓட ஆரம்பித்தது. முதலில் யானை நடை போல மெதுவாக. செண்டையும் இலத்தாளமும் கொம்பும் சேர்ந்து மெல்ல மெல்லக் காலம் ஏறி வேகம் கூட, அவர் கையும் எழுந்தது. மேலே எழுந்தது! மேளத்துக்கு யார் தொடையில் தட்டுவார்கள்? கோயில் முற்றத்தில் கூட்டத்தோடு நின்று கையை ஆகாயத்தில் வீசித்தானே பழக்கம். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. மெஷின் நிற்கவில்லை. சிவப்புப் பொத்தான் கீழே அநாதையாகக் கிடந்தது.

"ரயீஸே! மனசிலாச்சோ? கச்சேரிக்குக் கை கீழ போறது, மேளத்துக்கு மேல போறது!"

"எப்படியோ நடந்தா சரி சாமி" என்ற ரயீஸ், அன்று மாலையே மேளத்தின் மூன்று காலங்களிலிருந்து மூன்று மூன்று நிமிடம் வெட்டி ஒட்டிக் கொடுத்தான். மேளத்தை வெட்டுவதாவது என்று அனந்தலக்ஷ்மிக்கு வருத்தம்தான். ஆனால் வேகம் ஏறும் இடத்தில் மேளமும் ஏறியது. எட்டாம் நாள் வாஞ்சிநாதன் ஏற்றத்தோடு ஒன்பது நிமிடத்தை முடித்துவிட்டு, கீழே வாப்பாவிடம் போய் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத சாயா ஒன்று வாங்கிக் குடித்தார்.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் பெண் அவர் மார்பில் பத்து இடத்தில் வயர் ஒட்டினாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஹெட்போன் இங்க தரணும் சாமி. டெஸ்ட்ல அது பற்றில்லா, கூடாது."

வாஞ்சிநாதன் கழற்றிக் கொடுத்தார். எதிரே அதே கம்பி, அதன் நடுவில் அதே எலுமிச்சம்பழம். பட்டை நகர்ந்தது. அறையில் வேறு சத்தமே இல்லை, அவருடைய இதயத்தைத் தவிர. அதையும் திரையில் பீப் பீப் என்று ஊருக்கே கேட்க வைத்திருந்தார்கள். ஒன்று வந்தது. அடுத்தது வருமா? எண் ஏறத் தொடங்கியது. கொல்லையில் நிற்கும் கன்று கண்முன் வந்தது. கண்ணை இறுக மூடி, மேளத்தின் முதல் காலத்தை உதட்டுக்குள் சொல்லத் தொடங்கினார். வலது கை தானாக எழுந்தது.

"சாமீ, கை தாழ்த்தணும். வயர் கழண்டு ஊரிப்போகும்."

"தாழ்த்தினா மெஷின் நின்னுடும் மோளே" என்றார் அவர், சத்தியம் செய்கிறவரைப் போல.

அவள் எழுந்து வந்தாள். எழுந்து விழும் அந்தக் கையை இரண்டு வீச்சு பார்த்தாள். "பஞ்சாரியோ?"

"முதல் காலம்."

"என்டெ வீடு திருச்சூர்" என்றாள் அவள், மேளத்துக்குப் பேர்போன அந்த ஊருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்பது போல. "இடது கை கம்பியில் பிடிக்கணும். வலது கை தோள் வரைக்கும் மதி. அதுக்கு மேல வேண்டா." பிறகு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, பேனாவால் மேசையில் தட்ட ஆரம்பித்தாள்.

மூன்றாவது நிமிடத்தில் ஏற்றம் கூடியது, பேனாவும் காலம் ஏறியது. ஆறாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது, ஆனால் பயம் போயிருந்தது. இதயத்தின் சத்தம் கேட்கவே இல்லை. டாக்டர் கதவைத் திறந்து வந்தபோது ஒருத்தி மேசையைக் கொட்டிக்கொண்டிருந்தாள், ஒருவர் கையை வீசிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தார். டாக்டர் திரையைப் பார்த்தார். வெளியே வந்துகொண்டிருந்த காகிதத்தை நீளமாக இழுத்துப் பார்த்தார். கடிகாரம் ஒன்பதைத் தாண்டியது.

"ஒரு குறையும் இல்லை. கன்றை எடுத்துக்கோ சாமி" என்றார் டாக்டர். "போதும், மெஷினை நிறுத்து."

அவள் கணினியை நோக்கிக் கையை நீட்டினாள். கண்ணீர் வழிந்த முகத்தோடு வாஞ்சிநாதன் தலையை ஆட்டினார். "இரு மோளே. மேளம் முடியட்டும்."

கடைசிச் சுற்று. வலது கை தோள் வரை என்ற கட்டளையை மறந்து தலைக்கு மேலே போனது, ஒரு கணம் நின்றது, பிறகு ஓங்கி இறங்கியது. அந்தச் சிவப்புப் பொத்தானின் மேல், முதல்முறையாக, வேண்டுமென்றே.