வெல்லப்பாகு வைத்தியம்

என் மாமியார் முத்தம்மாள் எனக்கு வைத்திருந்த பேர் 'ஒத்தக் காச்சி'. ஒரே ஒரு பெண்ணைப் பெற்றுப் போட்டு ஓய்ந்துவிட்டேனாம். பிள்ளை உண்டாக வேண்டுமானால் புருஷனும் ஒத்தாசை செய்ய வேண்டும் என்று மாமியாரிடம் எந்த மருமகள் வாய் திறப்பாள்? இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் மணவாளனுக்கு அது முடியவில்லை. ஆசைக்குக் குறைவில்லை, உடம்புதான் எழும்ப மறுத்தது. பொன்னேரி ரைஸ் மில்லில் நெல் மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குகிற மனுஷர், என் பக்கம் திரும்பவே பயந்து சுவரைப் பார்த்துப் படுத்தார்.

மாமியார் சும்மா இருப்பாளா? ஆரணியில் தேசப்பன் என்பவரின் மகளை இவருக்கு இரண்டாந்தாரமாகப் பேசினாள். கல்யாணம் முடிந்தால் நான் மகளோடு பிறந்த வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். இவரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்களே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இதற்கிடையில் மீஞ்சூர் சந்தையில் கூடாரம் போட்டிருந்த ஒரு வைத்தியனிடம் லேகியம் வாங்கி வந்தார். காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. ஒளித்துத் தின்பதாக நினைப்பு. வாசனை வீடு முழுக்க வீசியது. அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. வைத்தியனைக் கேட்டதற்கு, மருந்து உடம்பில் ஊறிவிட்டது, அதற்கு அதுதான் அடையாளம் என்றானாம். சொல்லிவிட்டு இன்னொரு டப்பாவும் விற்றான்.

மில்லில் மூட்டைக் கொக்கி கீறிய கால் புண் ஆறவேயில்லை. அதைச் சாக்காக வைத்து அவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதி என்றார் டாக்டர்.

மருந்துச் சீட்டோடு எழுந்தவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"டாக்டரய்யா, இன்னொரு பேஜாரும் கீது. ரெண்டு வருசமா இவரால பொண்டாட்டியோட சேர முடியல."

இவர் தலை மார்பில் கவிழ்ந்தது. டாக்டரோ பல்வலியைக் கேட்டவர் போலத் தலையாட்டினார்.

"சர்க்கரை ஏறினா ரத்த ஓட்டமும் நரம்பும் கெடும். அங்கேயும் அதான் நடக்குது. ஆம்பளத்தனம் எங்கேயும் போயிடல. வேற மருந்து எதாவது சாப்பிடறீங்களா?"

பையிலிருந்த லேகிய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் மோந்து பார்த்தார்.

"முக்காவாசி வெல்லப்பாகு. எரியற நெருப்புல எண்ணெய ஊத்தியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. இவரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மாத்திரை கொடுத்தார் டாக்டர். சோற்றைக் குறைக்கவும் சாராயத்தையும் பீடியையும் விடவும் சொன்னார். "பக்கத்துல படுங்க, பேசுங்க. பரீட்சை எழுதப் போற மாதிரி பயந்தா உள்ளதும் போயிடும். மாசக்கணக்காகும். முழுசா சரியாகும்னு இப்பவே சொல்ல மாட்டேன், ஆனா நம்பிக்கையா இருங்க."

மாத்திரை ஆரம்பித்த சூட்டோடு ஆரணிக்காரர்கள் தட்டு மாற்ற வந்துவிட்டார்கள். மாமியார் வெற்றிலையை எடுத்து வைத்தாள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இவர் எழுந்தார்.

"மாமா, ஒரு நிமிசம். கொறை என் பொண்டாட்டிக்கு இல்ல, எனக்குத்தான். சக்கர வியாதி வந்து, பொம்பளையோட சேர முடியாம கீறேன். வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன். உங்க பொண்ண இட்டாந்தா அதுவும் பழி சொமந்துக்கினு குந்தியிருக்கும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "மானத்த வாங்கிட்டியேடா நைனா."

"மானம் போவட்டும்மா. இவ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

இரண்டு வருஷமாக என் தலையில் கிடந்த பழி அந்த ஒரு பேச்சில் இறங்கியது. நான் அழுதேன். ஜெயித்தவள் அழுகிற அழுகை அது.

தேசப்பன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், இவரை வேலியோரம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "அந்த டாக்டரு எந்தக் கெழமையில இருப்பாரு?"

ஊர் ஒரு வாரம் சிரித்தது, பிறகு வேறு கதை கிடைத்துப் போய்விட்டது. புண் ஆறியது. இவர் என் பக்கம் திரும்பிப் படுத்து மில் கதையெல்லாம் பேசினார். மெல்ல மெல்ல உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லா நாளும் கைகூடியது என்று பொய் சொல்ல மாட்டேன். கைகூடாத நாளில் பேச்சு கூடுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். பட்டப்பகலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ரத்னா வந்து, முறம் வேண்டும் என்று கதவைத் தட்டினாள்.

"சாயந்தரமா வாமே," என்றேன் உள்ளேயிருந்து. "இப்போ வேல கீது."