காசு கொடுத்துச் சாப்பிடும் மூலை

சுற்றுலாக் கப்பலில் ஏறியதிலிருந்து அவளுக்குக் கடல் கண்ணில் படவே இல்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஓடு பதித்த ஒரு வாசல் இருந்தது. அதன் மேல் மெக்சிகோ சாப்பாடு என்று பெரிய பலகை. பலகையின் அடியில் சின்ன எழுத்தில், தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். போகும்போதும் வரும்போதும் அவள் அந்தச் சின்ன எழுத்தின் முன்னால் நின்றாள்.

"அண்ணி, ஊரே மேல நின்னு டால்ஃபின் பாக்குது. நீங்க பலகையப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க" என்று நாத்தனார் சிரித்தாள்.

நாத்தனாரின் கணவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவளையும் அவள் கணவரையும் சேர்த்து நான்கு பேருக்கும் டிக்கெட் போட்டவர் அவர்தான். அதனால் டிக்கெட்டில் அடங்கிய ஒவ்வொன்றையும் சொந்தச் சொத்துபோலக் காவல் காத்தார்.

"அக்கா, மேல பஃபே இருக்கு. காலையிலேர்ந்து திறந்தே கிடக்கு. ஐஸ்கிரீம் மெஷின் ஓயாம ஓடுது. எல்லாம் டிக்கெட்லயே அடங்கிருச்சு. இருக்கறது ஒரே வயிறு. அதுக்கு ரெண்டு தடவ பணம் கட்டணுமா? நான் பாலிசி விக்கறவன், எனக்கே இது மனசுக்கு ஒப்பல."

கேள்வி ஒன்று காதில் விழுந்தால் அது உள்ளே இறங்கி அடியைத் தொட்டுவிட்டு மேலே வர அவளுக்கு நேரம் பிடிக்கும். பதில் தயாராகும்போது எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கிளம்பிப் போயிருப்பார்.

ஆனால் இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தேவைப்பட்டது. அவளும் கணவரும் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தினார்கள். தொழிலாளிக்குச் சாப்பாடு இலவசம். கம்பெனி கணக்கு. சோறு, பருப்பு, ஒரு காய். வரிசை நகரும், கரண்டி விழும், தட்டு நகரும். கரண்டி பிடிப்பது கணவர். யாருக்கும் ஒரு பருக்கை கூடாது, குறையாது. அதனால் தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் அளவுக்கரண்டி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டம் வாங்கியதுபோல ஏற்றுக்கொண்டார்.

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு மூலை இப்போது காலியாகியிருந்தது. அங்கே ஒரு தோசைக்கல் போட்டு, கண்ணெதிரே சுட்டு, சுடச்சுடக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். கம்பெனி மேனேஜரிடமும் கேட்டுவிட்டாள். லீவு முடிந்து வந்து சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கே குளிர்பான மெஷினை வைத்துவிடுவோம் என்றார் அவர்.

"இந்தப் பக்கம் இலவசமா சோறு கொட்டிக் கிடக்கு. அந்தப் பக்கம் காசு குடுத்து எவன் திம்பான்? ஈ ஓட்டணும்" என்றார் அளவுக்கரண்டி. அதோடு பேச்சு முடிந்தது. இருவருக்கும் நடுவே பேச்சு முடிந்துவிட்டால் அது மறுபடி தொடங்க மாதங்கள் ஆகும். மெஷின் அவ்வளவு நாள் காத்திருக்காது.

கப்பலில் இந்த வாசலைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே கேள்வியை யாரோ ஓடு பதித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்! மேலே இலவசம், கீழே காசு. உள்ளே ஆள் இருந்தது. சிரிப்புச் சத்தம்கூட வெளியே கேட்டது.

அன்று மதியமே கணவரைப் பிடித்தாள்.

"ஏங்க, நாளைக்குச் சாயங்காலம் அங்க சாப்பிடறோம். என் காசு. நான் புக் பண்ணிட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஒரே ஒரு பந்தயம். அங்க நீங்க மனசார ஏதாவது ஒண்ணை இன்னொரு தடவ கேட்டா, அந்த மூலை எனக்கு. கேக்கலைன்னா மெஷின் வரட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

அவர்கள் தொழிலில் பாராட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. தட்டு மறுபடி நீண்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அவரோ, கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சாப்பாட்டையும் மறுமுறை கேட்டதில்லை.

"சரி. உன் காசு, உன் இஷ்டம்" என்றார். ஜெயித்தாயிற்று என்ற தெம்பு குரலில் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் இருக்கிறதில் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மதியமே சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டதால் வயிறு கூவிக்கொண்டிருந்தது. ஜன்னலோர மேசை. அடிவானத்தில் வெயில் ஆரஞ்சு நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. கூடத்தின் ஒரு மூலையில் இரும்புக் கல்லின் முன்னால் ஒருவர் மக்காச்சோள மாவைத் தட்டித் தட்டிப் போட்டார். கல்லில் ரொட்டி ஒரு மூச்சு இழுத்து உப்பியது. அவள் மனதில் இருந்த மூலையேதான்! ஜன்னலும்கூட அதே பக்கம். அவளால் உட்கார முடியவில்லை.

அப்போதுதான் கவனித்தாள், கணவர் பெல்ட்டைத் தளர்த்துகிறார்.

"என்னங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "கொஞ்சம் சாப்பிட்டுட்டேன்."

"எங்க?"

"மேல. பஃபேல."

"எப்ப?"

"இப்பதான். வர்றதுக்கு முன்னாடி."

அவர் ஏமாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரிந்ததுதான் கொடுமை. பரிமாறத் தொடங்குமுன் கேன்டீன்காரன் சாப்பிட்டுவிட வேண்டும். நின்றபடியே, மளமளவென்று. பசித்த கை கரண்டியில் அளவு தவறும் என்பார். இத்தனை வருஷத்தில் சாப்பாட்டு மணியடிக்கும்போது அவர் பசியோடு நின்றதே இல்லை. இன்றும் கால்கள் அவரை முன்கூட்டியே மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன.

"சாப்பிடப் போறவரு சாப்பிட்டுட்டு வருவாரா?" என்றாள் கடைசியில்.

"பழக்கம். கை தானா தட்டை எடுத்துருச்சு."

"நல்லா வயிறு முட்டவா?"

"ஐஸ்கிரீம்கூட."

தலைக்கு இவ்வளவு என்று கட்டிய பணம் போகட்டும். மூலை போயிற்று. வயிறு முட்டிய மனிதன் எதை மறுபடி கேட்பான்? அவள் மேசைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு தள்ளுவண்டி உருண்டு வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. தள்ளி வந்த பெண்மணிக்கு அவள் வயதுதான் இருக்கும். வண்டியில் மூன்று கால் வைத்த கருங்கல் உரல், பழுத்த அவகாடோ, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பச்சை மிளகாய். பெண்மணி பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையைக் கத்தியால் கொத்தி எடுத்து, சதையை உரலில் வழித்துப் போட்டாள். பிறகு மிளகாயின் மேல் கத்தியை வைத்துக்கொண்டு அளவுக்கரண்டியைப் பார்த்தாள். எவ்வளவு என்று புருவம் கேட்டது.

"என்னையா கேக்கறாங்க?" என்றார் அவர் மனைவியிடம்.

"உங்களத்தான்."

"போடறதப் போடச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நாக்கு உங்களோடது."

பெண்மணி காத்திருந்தாள். கத்தி அசையவில்லை. பின்னால் வரிசை இல்லை, யாரும் தள்ளவில்லை. அவர் மிளகாயைப் பார்த்தார். பாதி என்று விரலால் காட்டினார். கத்தி இறங்குவதற்குள், "இல்ல இல்ல, முழுசும்!" என்று கையை விரித்தார்.

உரலில் எல்லாம் நசுங்கியது. பெண்மணி ஒரு கரண்டி நுனியில் எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணை மூடி நாக்கில் வைத்தார். கேன்டீனில் உப்புப் பார்க்கும் அதே முகம்.

"உப்பு ஒரு துளி" என்றார். போட்டாள். மறுபடி நீட்டினாள். "எலுமிச்சை இன்னும் கொஞ்சம்." பிழிந்தாள். மூன்றாவது முறை அவர் கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"இப்ப சரி" என்றார் மெதுவாக. "இப்ப ரொம்பச் சரி."

துணியில் சுற்றிய ரொட்டிகள் கூடையில் வந்தன. துணியைப் பிரித்ததும் சுட்ட சோளத்தின் வாசனை ஆவியாக எழுந்தது. அவர் ஒன்றைக் கிழித்து உரலில் தோய்த்து வாயில் போட்டார். இன்னொன்று. அவள் தன் பசியை மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சுட்ட கறி வந்தது. ஒரு துண்டு வாயில் போட்டவர் உற்சாகமாக நிமிர்ந்தார். "இது மேலயும் இருக்கே! அச்சு அசலா இதேதான். இதுக்குப் போயி காசா?"

அவளும் தின்று பார்த்தாள். உண்மைதான். ஒரே அடுப்பில் வெந்து இரண்டு மாடிக்குப் பிரிந்து போன கறி. அவள் தோள் தொய்ந்தது. கூடையில் ரொட்டியும் தீர்ந்துவிட்டது. உரலின் அடியில் பச்சையாகக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் அதைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

கல்லிலிருந்து அடுத்த கூடை கிளம்பியது. வேறு மேசைக்குப் போகிற கூடை. அந்தப் பெண்மணிதான் எடுத்து வந்தாள். அவர்களைத் தாண்டும்போது துணியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

அளவுக்கரண்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

அந்த நீட்டலை அவளுக்குத் தெரியும். முழங்கை விலாவில் ஒட்டியிருக்கும். கழுத்து கொஞ்சம் முன்னால் வரும். தினமும் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் இப்படித்தான் நீட்டுவார்கள். கரண்டிக்கு அந்தப் பக்கம் மட்டுமே நின்ற மனிதர், முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்து தட்டை நீட்டுகிறார்.

பெண்மணி சிரித்துக்கொண்டே இரண்டு ரொட்டிகளை அதில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏங்க..." என்றாள்.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "சும்மா... தட்டைத் தள்ளி வெச்சேன்."

"அந்தரத்துலயா?"

அவர் ரொட்டியைக் கிழித்தார். "சூடு ஆறிடும். நீயும் சாப்பிடு" என்றார்.

அவள் சாப்பிட்டாள். மதியத்துப் பசியும் சேர்ந்துகொள்ள, கண்ணில் நீர் வருமளவுக்கு மிளகாய் உறைக்க, உரலை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். மேசைக்கு அடியில் கால் தாளம் போட்டது.

கடைசியில் இனிப்பு வந்தபோது வாசலில் நாத்தனாரும் அவள் கணவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான், சொத்து கரைஞ்சுதா?" என்றார் ஏஜென்ட். "உண்மையச் சொல்லுங்க. குடுத்த காசுக்குத் தேறுமா?"

அளவுக்கரண்டி நிதானமாக வாயைத் துடைத்தார். "கறிக்குக் குடுக்காதீங்க மாப்ளே, மேல இருக்கறதேதான். இந்த இனிப்புக்கு அவங்கதான் நமக்குக் காசு தரணும், பாகை அப்படியே ஊத்தி வெச்சிருக்காங்க. ஆனா அந்தக் கல்லுல சுட்டது இருக்கே... அதுக்குக் குடுக்கலாம். உரல்ல இடிச்சுக்கிட்டே உனக்கு எவ்வளவு வேணும்னு கேட்டாங்க. அதுக்கு இன்னும் அதிகமாவே குடுக்கலாம்."

"அண்ணனா பேசறது?" என்றாள் நாத்தனார். "அண்ணி, கரண்டி வளைஞ்சிருச்சா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்தாள். டம்ளரை இறக்கியபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் தள்ளுவண்டியின் பக்கத்தில் குனிந்து நின்றார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, சாண் சாணாக வண்டியின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். பெண்மணி ஒன்றும் புரியாமல், ஆனாலும் வண்டி உருண்டுவிடாதபடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளந்து முடித்தவர் உரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முனகியபடி கீழே வைத்தார்.

"ஏம்மா, இங்க வா!" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கூவினார். "கல்லும் போட்டு, வண்டியும் வெச்சா, நம்ம கேன்டீன்ல தொட்டிக்குப் போற வழியில தூண் இடிக்குமே. அதுக்கு என்ன பண்றது?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் எப்போதோ தயாராகியிருந்தது.

"தூணுக்கு இந்தப் பக்கம் கல்லு. நீளத்தையும் அளங்க, சொல்றேன்" என்றாள்.