நான்கு பாடங்களுக்கு ஒரு தர்பூசணி

1

இந்தக் கதை என் நாத்தனாருடையது. அவள் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. தொலைபேசியில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "எழுதுங்க அண்ணி. ஆனா என்னை மட்டும் அசடாக் காட்டிடாதீங்க" என்றாள். கதையில் அசடே இல்லையென்றால் அதை யார் தள்ளிக்கொண்டு போவது? எனக்கோ கடிதம் எழுதிப் பழகிய கை. எண் போட்டால்தான் நகரும். போட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அறிவு என்பது பிரிக்க முடியாத பெருங்கடல். அதைப் பாட வேளைகளாக நாம்..."

(நிறுத்திவிட்டேன். ஆண்டு விழாவில் மைக்கை விடாதவர் பேசுவது போலிருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: ஆசிரியர் அறை மேசைமேல் ஒரு தர்பூசணி இருந்தது.

பரவாயில்லை. உருளாமல் நிற்கிறது.

3

மணியடித்தால் கணக்குப் புத்தகத்தை மூடி அறிவியலைத் திறக்கும் பிள்ளைகள், கூடவே மூளையையும் மூடிவிடுவதாக ஆசிரியைக்கு நெடுநாள் வருத்தம். ஒரே பொருளை வைத்து எல்லாப் பாடத்தையும் சேர்த்து நடத்தலாம் என்று தலைமையாசிரியரை நச்சரித்து ஒரு வாரம் வாங்கியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன்," என்றார் அவர். "சரியா வரலைன்னா பழையபடி மணி, புத்தகம், மணி, புத்தகம். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

திட்டமிட நால்வர் உட்கார்ந்தார்கள். கணக்கு டீச்சர் பழத்தை எடைபோட்டு, நூலைச் சுற்றி அளக்கப்போவதாகச் சொன்னார். ஓவிய மாஸ்டருக்குப் பாதிப் பழம் வேண்டும். சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் எடுப்பாக இருக்குமாம். தமிழய்யா, 'தர்பூசணியின் தன்வரலாறு' என்று கட்டுரை எழுதவைக்கத் தீர்மானித்தார்.

"உங்களுக்கு முழுசா வேணுமா, வெட்டினதா ஐயா?"

"தோல் மட்டும் போதும்மா. உருக்கமா வரும்."

அறிவியல்தான் நம் ஆசிரியையின் சொந்தப் பாடம். அவளுக்கு விதை வேண்டும். எல்லாரும் கைகுலுக்காத குறைதான். எப்போது வெட்டுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேளையிலேயே ஓவிய மாஸ்டர் கத்தியோடு வந்தார். கணக்கு டீச்சர் பழத்தை அணைத்துக்கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

("பூட்டலை அண்ணி, பத்திரப்படுத்தினாங்க." சரி. பத்திரப்படுத்திப் பூட்டினார்.)

வியாழன்வரை அது கணக்கு வேளைக்கு மட்டும் வெளியே வந்துபோனது.

4

இங்கே ஒரு சிறு கட்டுரை. ஒரே பழத்தை நான்கு வேளைக்கும் தூக்கிப்போவதால் பாடங்கள் சேர்ந்துவிடுவதில்லை, பழம்தான் களைத்துப்போகிறது. நான்கு பேரும் இல்லாமல் விடை கிடைக்காத ஒரு கேள்வி வேண்டும். அது...

(நாத்தனார்: "உபதேசம் போதும், வெள்ளிக்கிழமைக்கு வாங்க.")

5

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஆசிரியை மூவரையும் தன் வகுப்புக்கே அழைத்துவிட்டாள். பழம் நடுமேசையில்.

"டீச்சர், எப்போ சாப்பிடலாம்?" முப்பது குரல்.

"கத்தாதீங்க. எல்லாருக்கும் சமமா வெட்டித் தருவோம்."

அந்தச் 'சமமா'வில்தான் வந்தது வினை.

"ஒரே தடிப்புல வட்டவட்டமா வெட்டினா சமம்," என்றார் கணக்கு டீச்சர்.

ஓவிய மாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். "ஓரத்து வட்டம் சட்டைப் பித்தான் அளவுதான் வரும். அது யாருக்கு?"

"எனக்கு வேணாம்!" கடைசி பெஞ்சு முழுவதும்.

"அப்ப நெடுக்கா வெட்டலாம்."

"முப்பதாவா? கண்ணுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது."

"நெடுக்கும் குறுக்குமா வெட்டினாலும் நடுத்துண்டுலதான் இனிப்பு அதிகம்," ஆசிரியையும் தன்னை மறந்து இறங்கிவிட்டாள்.

"அளவு சமமா இருந்தா நியாயமாயிடுமா?" என்று தமிழய்யா எழுந்தார். "இருமிக்கிட்டிருக்கிற பிள்ளைக்கும் அதே அளவா?"

"எனக்கு இருமல் போயிடுச்சு ஐயா!"

அதற்குள் நூல் வந்துவிட்டது, சாக்பீஸ் வந்துவிட்டது. பழத்தின்மேல் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். பெஞ்சுமேல் நின்று ஒருத்தி வாதாடினாள். கத்தியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஆசிரியை நினைத்துக்கொண்டாள்: ஒரு வாரத் திட்டம், போச்சு.

வாசலில் தலைமையாசிரியர்.

"இப்ப நடக்கிறது என்ன பாடம்?"

வாரம் முழுக்க 'என் வேளை, என் வேளை' என்று பழத்தை இழுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

6

முடிவு அ: தலைமையாசிரியர் கைதட்டினார். (அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

முடிவு ஆ: மணியடிக்கச் சொன்னார். ("அப்படி எழுதினா எங்க வீட்டுப் பக்கமே வராதீங்க.")

நடந்தது என்னவென்று கேட்டால் நாத்தனார் இவ்வளவுதான் சொல்கிறாள்: அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் சேர்த்துத்தானே?" என்றார். முப்பதுக்குப் போட்ட கோடெல்லாம் வீணாகி, வகுப்பே "சாஆஆர்!" என்று அலறியது.

திங்கட்கிழமை மணியா, இன்னொரு பழமா என்பது அந்தப் பழம் எப்படி வெட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கதையில் அது இன்னும் வெட்டப்படவில்லை. இந்தாருங்கள் கத்தி. முதல் வெட்டு எங்கே என்று சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தலைமையாசிரியர் கேட்கிறார்.