கைப்பேசி சொன்ன முகம்

வேப்பம்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஜம்புலிங்கம் கடலைமிட்டாய் பாக்கெட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே கண் தெரியாதவர். இருபது வருடமாக மின்சார ரயிலில் வியாபாரம். பின்னால் நின்றபடி மகள் காவ்யா அவருடைய போனில் எதையோ ஏற்றிக் கையில் கொடுத்தாள். நாளை காலை அவள் ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். இதுவரை மருந்து அட்டை முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவருக்குப் படித்துச் சொன்னவள் அவள்தான்.

"இத்த நீட்னா போதும் நைனா. எதிர்ல இன்னா கீதோ அத்த சொல்லும்."

"நம்பச் சொல்றியா? போன வாரம் நம்ம கூட வண்டில முறுக்கு விக்கிற உத்தமன் போன்ல முறுக்கக் காட்டுனா கயிறுன்னுச்சு."

ஏஐ என்ற பேச்சே அவருக்கு ஆகாது. காலை வண்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் அதைப் பற்றிப் புலம்பாத நாளில்லை. வேலையைப் பிடுங்கும், வாய் கூசாமல் பொய் சொல்லும் என்பார்கள். இப்போது மகளின் இடத்துக்கே வந்து உட்காரப் பார்க்கிறது. அதைவிட அவரை அரித்த கேள்வி வேறு: இவள் மனசாரத்தான் போகிறாளா? ஒரு வாரமாகக் கேட்கிறார். சந்தோஷமாகத்தான் போகிறேன் என்கிறாள். குரலை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகியவருக்கு, அந்தக் குரலில் பிசிறே இல்லாததுதான் உறுத்தியது. வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைப் பிரித்து வைத்துவிடுவார்.

"சரி, இந்த மிட்டாய இன்னான்னு சொல்லட்டும்" என்று ஒரு பாக்கெட்டை எதிரே நீட்டிப் போனைத் தூக்கினார். செல்ஃபி கேமரா ஆன் ஆகியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

போன் நிதானமாகச் சொன்னது: "ஒரு நடுத்தர வயது ஆண். தோளில் பச்சைத் துண்டு. அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய கண்கள் கலங்கியிருக்கின்றன."

ஜம்புலிங்கம் தோள் துண்டைத் தொட்டுப் பார்த்தார். துண்டு பச்சை என்று வாங்கி வந்த அன்று காவ்யாவே சொல்லியிருந்தாள். மகள் பிறந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் பார்க்காத அவள் முகத்தை இந்தக் கையகலச் சாமான் ஒரு நொடியில் பார்த்துவிட்டது.

"அது உளறுது நைனா" என்றாள் காவ்யா, அதே பிசிறில்லாத குரலில். "நீதான சொன்ன, முறுக்கக் கயிறுன்னுச்சுன்னு."

தூரத்தில் வண்டி வரும் அதிர்வு பெஞ்சில் ஏறியது. அவர் திரும்பிக் கையை நீட்டினார். கன்னம் உலர்ந்திருந்தது. கையை எடுக்கும்போது துப்பட்டாவின் நுனி விரலில் பட்டது. நனைந்திருந்தது.

வண்டி வந்து நின்றது. அவர் விரல்கள் அந்த நுனியை விடவில்லை.